உங்களுக்குத் தெரியுமா? சொற்களை எண்ணியவர்கள்

தாய்மொழியைப் பற்றித் தனக்கு எல்லாம் தெரியும் என்றுதான் எவரும் நினைப்பார். சொற்களை உட்கார்ந்து எண்ணியவர்கள் அதை நம்பவில்லை. கையால் எண்ணினார்கள், அட்டையில் எண்ணினார்கள், பிறகு கணினியில் எண்ணினார்கள். அவர்களிடம் சிக்கிய சில சங்கதிகள் இங்கே.

கவிதையை எண்ணிய கணிதர்

ரஷ்யக் கணித மேதை ஆந்திரேய் மார்க்கோவ், புஷ்கினின் 'யெவ்கேனி அனேகின்' என்ற செய்யுள் நாவலில் முதல் 20,000 எழுத்துகளைக் கையாலேயே எண்ணினார். தனி ஒலி இல்லாத இரண்டு குறிகளை மட்டும் ஒதுக்கிவிட்டார். கிடைத்தவை 8,638 உயிர், 11,362 மெய். அதோடு நிறுத்தியிருந்தால் இன்று யாரும் நினைவு வைத்திருக்க மாட்டார்கள். எந்த எழுத்துக்குப் பின்னால் எது வருகிறது என்றும் பார்த்தார். உயிருக்கு அடுத்து மறுபடி உயிர் வருவது நூற்றுக்கு 13 தடவைதான். மெய்க்கு அடுத்து உயிர் வருவது நூற்றுக்கு 66 தடவை. 1913 ஜனவரியில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அறிவியல் கழகத்தில் இந்தக் கணக்கை வாசித்தார். முன்னால் வந்ததை வைத்து அடுத்து வருவதை ஊகிக்கும் 'மார்க்கோவ் சங்கிலி' மொழிக்குள் நுழைந்தது அன்றுதான். நீங்கள் பாதி தட்டியதும் செல்பேசி மீதியை எடுத்துக் கொடுக்கிறதே, அந்த வித்தையின் பாட்டனார் இவர்.

அவருக்கும் முன்னால்

9ஆம் நூற்றாண்டு பாக்தாத்தில் அல் கிந்தி என்ற அறிஞர், ஒரு மொழியில் எந்த எழுத்து அதிகம் வருகிறது என்று எண்ணிவைத்தால் ரகசிய எழுத்தை உடைத்துவிடலாம் என்று எழுதிவைத்தார். உளவு வேலைக்காகப் பிறந்த கணக்கு அது. மொழி ஆராய்ச்சிக்கு வர ஆயிரம் ஆண்டு பிடித்தது.

சுருக்கெழுத்துக்காக ஒரு பெருங்கணக்கு

ஜெர்மனியில் கேடிங் என்பவருக்குச் சுருக்கெழுத்து முறையைச் செப்பனிட வேண்டியிருந்தது. அடிக்கடி வரும் சொல்லுக்குச் சின்னக் கோடு, அரிதாக வரும் சொல்லுக்கு நீளக் கோடு. அப்படியானால் எது அடிக்கடி வருகிறது? ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட உதவியாளர்களைச் சேர்த்துக்கொண்டு சுமார் 1.1 கோடி சொற்களை எண்ணவைத்தார். 1897–98இல் ஜெர்மன் மொழியின் சொல் எண்ணிக்கை அகராதி வெளிவந்தது. கணினி என்ற பொருளே அப்போது உலகில் இல்லை.

ஒரு சின்னச் சொல்லுக்காக 56 தொகுதி

இத்தாலியப் பாதிரியார் ரொபெர்த்தோ புஸா, புனித தாமஸ் அக்வினாசின் நூல்களில் ஆய்வு செய்தார். உடனிருத்தல் என்ற கருத்து அக்வினாசிடம் எப்படி அமைந்திருக்கிறது என்பது கேள்வி. அகரவரிசைப் பட்டியல்களைத் துழாவியபோது, விடை பெரிய தத்துவச் சொற்களில் இல்லை என்று தெரிந்தது. லத்தீனின் 'இன்' என்ற முன்னிடைச்சொல்லில் இருந்தது. தமிழின் 'இல்' உருபு செய்யும் வேலையைச் செய்கிற சொல் அது. அது வந்த இடங்களையெல்லாம் கையால் எழுதியதில் சுமார் 10,000 அட்டைகள் சேர்ந்தன.

மொத்த அக்வினாசையும் இப்படி அடைவு செய்தால் என்ன என்று தோன்றியது. 1949இல் நியூயார்க் போய் ஐ.பி.எம். தலைவர் தாமஸ் வாட்சனைப் பார்த்தார். துளை அட்டை இயந்திரங்கள் கணக்குவழக்குக்கு ஆனவை, லத்தீனுக்கு ஆனவை அல்ல என்பது அங்கே பலருடைய எண்ணம். வாட்சன் ஒப்புக்கொண்டார். ஒரு கோடிக்கு மேற்பட்ட லத்தீன் சொற்கள் அட்டையில் ஏறின. வேலை முப்பது ஆண்டு இழுத்தது. 1970களில் அச்சேறத் தொடங்கிய 'இண்டெக்ஸ் தோமிஸ்டிகஸ்' கடைசியில் 56 தொகுதிகளாக வந்து நின்றது.

அட்டையில் துளையிட்டவர்கள் மிலானுக்கு அருகே கல்லராத்தே என்ற ஊரில் பயிற்சி பெற்ற இளம்பெண்கள். புகைப்படங்களில் இருந்தார்கள், நூலின் வரலாற்றில் நெடுநாள் இல்லை. அவர்கள் யார் என்று தேடும் வேலையை ஆய்வாளர்கள் தொடங்கியது இந்த நூற்றாண்டில்தான். ரொம்பத் தாமதம்.

பத்து லட்சம் போதும் என்றார்கள்

ஒரு மொழியின் உண்மையான பயன்பாட்டிலிருந்து திரட்டி, கணினியில் ஏற்றிவைத்த உரைத் தொகுப்புக்குத் தரவகம் என்று பெயர். ஆங்கிலத்துக்கு அப்படி முதலில் புகழ்பெற்றது பிரவுன் தரவகம். அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் நெல்சன் ஃபிரான்சிஸ், ஹென்றி குச்செரா இருவரும் 1961இல் அச்சான நூல்கள், செய்தித்தாள்கள், கதைகளிலிருந்து 500 துண்டுகள் எடுத்தார்கள். துண்டுக்குச் சுமார் 2,000 சொல். ஆக மொத்தம் பத்து லட்சம்.

அன்றைய மொழியியலில் இலக்கணக் கோட்பாட்டாளர் சோம்ஸ்கியின் காற்று பலமாக வீசியது. மொழி பேசுபவனின் தலைக்குள்ளேயே இலக்கணம் இருக்கும்போது, அச்சில் வந்ததைப் போய் எண்ணுவானேன் என்பது அவர் பக்கத்துக் கேள்வி. ஒரு சக மொழியியலாளர் இதை நேரத்துக்கும் அரசுப் பணத்துக்கும் கேடு என்று முகத்துக்கு நேராகவே சொன்னதாக ஃபிரான்சிஸ் பின்னால் நினைவுகூர்ந்தார். கேடு என்று சொல்லப்பட்ட அந்தப் பத்து லட்சத்தை 1969இல் வந்த அமெரிக்கன் ஹெரிட்டேஜ் அகராதி பயன்படுத்திக்கொண்டது. இன்று பிரவுன் தரவகம் தெரியாமல் கணினி மொழியியல் மாணவர் முதலாண்டைத் தாண்டுவது கடினம்.

பாதிச் சொற்கள் ஒரே தடவை

அந்தப் பத்து லட்சத்தில் 'த' என்ற ஆங்கிலச் சுட்டுச்சொல் மட்டுமே ஏறத்தாழ 7 விழுக்காடு. அடுத்து வரும் 'ஆஃப்' அதில் பாதி, சுமார் 3.5 விழுக்காடு. மறுபக்கம், அதில் உள்ள சுமார் 50,000 வெவ்வேறு சொற்களில் பாதிக்கு அருகில் ஒரே ஒரு முறைதான் வருகின்றன. சொற்களை எண்ணிக்கை வரிசையில் அடுக்கினால் இரண்டாவது சொல் முதல் சொல்லில் பாதி, மூன்றாவது மூன்றில் ஒரு பங்கு என்று குறைந்துகொண்டே போகும். ஹார்வர்டின் ஜார்ஜ் கிங்ஸ்லி ஜிப்ஃப் 1930களிலும் 40களிலும் பரப்பிய விதி இது. ஆனால் ஃபிரெஞ்சுக்காரர் எஸ்தூ இதே போக்கை அவருக்கு முன்பே கண்டிருந்தார். அவரும் சுருக்கெழுத்துக்காரர்தான்!

கொல்லாப்பூர் ஆங்கிலம்

இந்திய ஆங்கிலத்துக்கும் பிரவுன் அளவிலேயே பத்து லட்சம் சொல் தரவகம் உண்டு. 1978இல் அச்சானவற்றை வைத்து, கொல்லாப்பூர் சிவாஜி பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எஸ்.வி. சாஸ்திரி தொகுத்தார். தொகுப்புக்கு ஊரின் பெயரே நிலைத்துவிட்டது.

பழகிய சொல்லின் கெட்ட சகவாசம்

பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்கிளேர் 1980இல் தொடங்கிய திட்டத்திலிருந்து 1987இல் கோபில்ட் அகராதி வந்தது. ஒரு சொல் வந்த வரிகளையெல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாகத் திரையில் நிறுத்தி, அதன் இடமும் வலமும் யார் நிற்கிறார்கள் என்று பார்ப்பதுதான் முறை. 'செட் இன்' என்ற ஆங்கில வினைத்தொடரை அப்படி நிறுத்தினார்கள். அகராதிப்படி 'தொடங்கி நிலைத்தல்' என்பதுதான் பொருள், நல்லதும் கெட்டதும் அதில் இல்லை. ஆனால் வரிசையில் வந்து நின்றவை அழுகல், நோய்த்தொற்று, சோர்வு, நம்பிக்கையின்மை! இன்பம் அப்படித் தொடங்கி நிலைப்பதாக எழுதியவர் அநேகமாக இல்லை. வாழ்நாள் முழுக்க ஆங்கிலம் பேசியவர்களுக்கும் இது கண்ணில் பட்டதில்லை.

தமிழில் 'நேர்ந்தது' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். விபத்து நேர்ந்தது, தவறு நேர்ந்தது, அவமானம் நேர்ந்தது. பதவி உயர்வு நேர்ந்தது என்று எழுதிப் பாருங்கள், பேனா தயங்கும். இதையும் யாராவது வரிசையில் நிறுத்தி எண்ணிவிட்டுச் சொன்னால் நல்லது. என் பேனா தயங்குவது சாட்சியாகாது.

தூக்கு மேடைக்குப் பின் வந்த சாட்சி

1952 நவம்பர் 2. லண்டனின் தெற்கே குராய்டனில் ஒரு கிடங்கின் கூரைமேல் திருடப்போன இருவரைப் போலீஸ் சுற்றி வளைத்தது. சுட்டது 16 வயதுக் கிறிஸ்டஃபர் கிரெய்க். இறந்தது சிட்னி மைல்ஸ் என்ற காவலர். சிறுவன் என்பதால் கிரெய்க்கைத் தூக்கிலிட முடியாது. கூட இருந்த 19 வயது டெரெக் பெண்ட்லியைத் தூக்கிலிட்டார்கள், 1953 ஜனவரி 28இல். பெண்ட்லிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர் தாமாகச் சொல்லச் சொல்ல, கேள்வி எதுவும் கேட்காமல் எழுதிக்கொண்டதாகப் போலீஸ் ஒரு வாக்குமூலத்தை நீதிமன்றத்தில் வைத்திருந்தது.

பல்லாண்டு கழித்து மொழியியலாளர் மால்கம் கூல்டார்ட் அந்த வாக்குமூலத்தை எடுத்தார். 582 சொல். அதில் 'பிறகு' என்று பொருள்படும் 'தென்' பத்துத் தடவை வருகிறது, அதாவது 58 சொல்லுக்கு ஒன்று. ஒப்பிடுவதற்குச் சாதாரண மக்கள் கொடுத்த சாட்சியங்களையும் காவலர்கள் எழுதிய அறிக்கைகளையும் தனித்தனியே எண்ணினார். மக்களிடம் சுமார் 930 சொல்லுக்கு ஒன்று, காவலர்களிடம் 78 சொல்லுக்கு ஒன்று.

அதைவிடக் கூர்மையானது சொல் நிற்கும் இடம். பேச்சு ஆங்கிலத்தில் 'பிறகு நான்' என்ற வரிசைதான் வழக்கம். 'நான் பிறகு' என்ற வரிசை கோபில்டின் பேச்சுத் தரவகத்தில் சுமார் 1,65,000 சொல்லுக்கு ஒருமுறைதான் தென்பட்டது. பெண்ட்லியின் பெயரில் இருந்த தாளில் 190 சொல்லுக்கு ஒருமுறை. அந்த வரிசை காக்கிச் சட்டைக்காரர் எழுத்தின் வாடை. படிக்கத் தெரியாத பையன் பேச்சில் அது எப்படி வந்தது?

1998 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. முதன்மைக் காரணம், விசாரணை நீதிபதி ஜூரிகளிடம் நடுநிலையின்றி வழக்கைத் தொகுத்துச் சொன்னது. ஒரு இடைச்சொல் வழக்கைப் புரட்டிப்போட்டது என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும், ஆனால் உண்மை ஆகாது. இருந்தாலும் தடயவியல் மொழியியல் வகுப்புகளில் இன்றும் முதலில் எடுக்கிற பாடங்களில் இது ஒன்று.

புனைபெயருக்குள் இருந்தவர்

அமெரிக்க அரசியல் சட்டத்தை ஆதரித்து 1787–88இல் 'பப்ளியஸ்' என்ற பெயரில் 85 கட்டுரைகள் வந்தன. எழுதியவர்கள் ஹாமில்டன், மேடிசன், ஜே. அதில் 12 கட்டுரைகளை எழுதியது ஹாமில்டனா மேடிசனா என்பது தீராத சண்டை. அன்று இருவரும் ஒரே தரப்பு, ஒரே கருத்து, ஒரே தோரணை. புள்ளியியலாளர்கள் மோஸ்டெல்லரும் வாலஸும் பெரிய சொற்களைத் தொடவில்லை. 'அப்பான்' என்ற சின்ன இடைச்சொல்லை ஹாமில்டன் ஆயிரம் சொல்லுக்கு மூன்று முறைபோல எழுதுவார், மேடிசன் கிட்டத்தட்ட எழுதுவதே இல்லை. இதுபோன்ற சொற்களைச் சேர்த்துக் கணக்குப் போட்டு, சந்தேகக் கட்டுரைகள் மேடிசனுடையவை என்று 1964இல் நூலாகவே வெளியிட்டார்கள்.

2013இல் இதே வகைக் கணக்கு ராபர்ட் கல்பிரெய்த் என்ற 'புதுமுக' துப்பறியும் நாவலாசிரியரைப் பிடிக்க உதவியது. சண்டே டைம்ஸ் கேட்டுக்கொண்டதன்பேரில் பாட்ரிக் ஜுவோலா, சொல் நீளம், மிகச் சாதாரணமான நூறு சொற்கள், சொல் இணைகள் எல்லாவற்றையும் ஒப்பிட்டார். விரல் ஹாரி பாட்டர் எழுதிய ஜே.கே. ரௌலிங்கைக் காட்டியது. கேட்டதும் அவரே ஒப்புக்கொண்டுவிட்டார். எழுத்தாளர் தம் நடையை மாற்ற முயன்றாலும் கதை, களம், பெயர்கள்தான் மாறுகின்றன. 'ஆனால்', 'இருந்தாலும்' எல்லாம் பழைய ஆளுடையவை.

அகதா கிறிஸ்டியின் கடைசி நாவல்கள்

டொரண்டோ பல்கலைக்கழகத்தில் இயன் லாங்கஷயரும் கிரேம் ஹர்ஸ்ட்டும் அகதா கிறிஸ்டியின் நாவல்களை வயது வரிசையில் அடுக்கிக் கணினிக்குக் கொடுத்தார்கள். ஒவ்வொரு நாவலின் தொடக்கப் பகுதியிலும் எத்தனை வெவ்வேறு சொற்கள், எவ்வளவு திரும்பத் திரும்ப வரும் தொடர்கள், 'ஏதோ', 'எதுவோ' போன்ற மழுப்பல் சொற்கள் எத்தனை என்று பார்த்தார்கள். 60களின் வயதில் எழுதியதோடு ஒப்பிட்டால், 81 வயதில் எழுதிய நாவலில் சொல்வளம் சுமார் 30 விழுக்காடு குறைந்திருந்தது. மழுப்பல் சொற்கள் கூடியிருந்தன. 1972இல் வந்த அந்த நாவலின் தலைப்பு 'யானைகளுக்கு நினைவிருக்கும்' என்ற பொருளுடையது. அதில் வரும் ஒரு வயதான பெண் எழுத்தாளருக்கு நினைவுதான் பிரச்சினை.

கிறிஸ்டிக்கு மறதி நோய் என்று எந்த மருத்துவரும் சொன்னதாகப் பதிவில்லை. வயதானால் யாருக்கும் இப்படித்தானே என்று கேட்கலாம். அதற்காகத்தான் பின்னர் இன்னும் இரண்டு நாவலாசிரியர்களைச் சேர்த்தார்கள். ஐரிஸ் மர்டாக்குக்கு அல்சைமர் உறுதியாகக் கண்டறியப்பட்டது. அவருடைய கடைசி நாவலிலும் அதே சரிவு. முதுமையிலும் நலமாக எழுதிய பி.டி. ஜேம்ஸிடம் அந்தச் சரிவு இல்லை.

கன்னியாஸ்திரிகள் இளமையில் எழுதியது

இதற்குத் தலைகீழான ஆய்வு ஒன்று உண்டு. டேவிட் ஸ்னோடன் என்ற ஆய்வாளர் அமெரிக்காவில் 678 கன்னியாஸ்திரிகளை முதுமையில் பின்தொடர்ந்தார். ஒரே உணவு, ஒரே வாழ்க்கை முறை, புகை கிடையாது, குடி கிடையாது. மருத்துவ ஆய்வுக்கு இப்படிப்பட்ட கூட்டம் கிடைப்பது அபூர்வம். மடத்தில் சேரும்போது, சுமார் 22 வயதில், பலர் தம் வாழ்க்கைக் குறிப்பை எழுதிக் கொடுத்திருந்தார்கள். பத்துச் சொல்லுக்குள் எத்தனை கருத்துகளை அடக்குகிறார்கள் என்று அவற்றில் அளந்தார்கள். இளமையில் இந்த அடர்த்தி குறைவாக இருந்தவர்களிடம் முதுமையில் அல்சைமர் அதிகம் காணப்பட்டது. 1996இல் முடிவு வெளியானது. இது காரணத்தைச் சொல்லவில்லை, சேர்ந்து நடப்பதைத்தான் சொல்கிறது. பள்ளிப் பிள்ளையின் கட்டுரை நோட்டைப் பார்த்து யாரும் பதற வேண்டாம்.

ஓர் எழுத்துக்கு 18 சென்ட்

ஸ்டான்ஃபோர்டின் டான் ஜுராஃப்ஸ்கியும் கூட்டாளிகளும் 6,500 அமெரிக்க உணவகங்களின் மெனு அட்டைகளை, ஆறரை லட்சம் பண்டங்களை, கணினியில் ஓடவிட்டார்கள். பண்டத்தை விவரிக்கும் சொற்களின் சராசரி நீளம் ஓர் எழுத்து கூடினால் விலை 18 சென்ட் கூடுதல். இன்னொன்று: 'சுவையான' போன்ற புகழ்ச்சிச் சொற்கள் விலை குறைந்த பக்கம்தான் சேர்கின்றன. நிஜமாகவே விலை அதிகமான இடம், சுவை இருக்கும் என்று சொல்லிக்கொள்வதில்லை.

மூன்று ஆண்டில் முடிந்துவிடும்!

1954 ஜனவரி 7, நியூயார்க். ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகமும் ஐ.பி.எம்.மும் சேர்ந்து கணினி மொழிபெயர்ப்பை முதன்முதலாகப் பொதுவில் காட்டின. ரஷ்ய மொழி தெரியாத ஒரு பெண் அட்டைகளில் ரஷ்ய வாக்கியங்களைத் துளையிட்டுப் போட, ஆங்கிலம் வந்தது. வாக்கியங்கள் அறுபதுக்குச் சற்று மேல். அகராதியில் இருந்தது 250 சொல், இலக்கண விதிகள் ஆறே ஆறு. மூன்று முதல் ஐந்து ஆண்டில் முழு மொழிபெயர்ப்பும் கைகூடும் என்று பேச்சு எழுந்தது. 1966இல் ஒரு நிபுணர் குழு இதுவரை உருப்படியாக ஒன்றும் கிடைக்கவில்லை என்று அறிக்கை கொடுத்தது. பண வரத்து வற்றிப்போனது.

ஃபிரெஞ்சு தெரியாமல் ஃபிரெஞ்சு மொழிபெயர்ப்பு

1980களின் பிற்பகுதியில் ஐ.பி.எம். ஆய்வாளர்கள் வேறு வழியில் வந்தார்கள். கனடா நாடாளுமன்ற நடவடிக்கைக் குறிப்பு ஆங்கிலத்திலும் ஃபிரெஞ்சிலும் வெளியாகிறது. லட்சக்கணக்கான வாக்கியங்கள், ஒன்றுக்கு மற்றது பெயர்ப்பு. இலக்கணமே சொல்லித்தராமல், எந்தச் சொல் எதற்கு எதிரே அடிக்கடி நிற்கிறது என்ற எண்ணிக்கையைக் கொண்டே மொழிபெயர்க்கும் கருவி செய்தார்கள். அந்த ஆய்வகத்தின் ஃபிரெட் ஜெலினெக், குழுவிலிருந்து மொழியியலாளர் ஒருவர் போகும்போதெல்லாம் இயந்திரத்தின் மதிப்பெண் ஏறுகிறது என்று சொன்னதாகப் பல வடிவங்களில் ஒரு கேலி உலவுகிறது. மொழியியலாளர்கள் அதை இன்னும் மறக்கவில்லை.

இலங்கையில் மொரட்டுவைப் பல்கலைக்கழகம் இதே போல அரசு ஆவணங்களை வைத்து சிங்களம், தமிழ், ஆங்கில இணைத் தரவகம் தொகுத்தது. அதைக் கொண்டு உருவான சிங்களம்–தமிழ் மொழிபெயர்ப்புக் கருவியின் பெயர் 'சி-தா'.

திவாலான நிறுவனத்தின் சொத்து

2001இல் மோசடியில் கவிழ்ந்த எண்ரான் நிறுவனத்தின் மின்னஞ்சல்களை அமெரிக்க அரசின் எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் விசாரணையின்போது 2003இல் பொதுவெளியில் வைத்தது. சுமார் 150 ஊழியர்கள், ஐந்து லட்சம் மின்னஞ்சல். அலுவலக மின்னஞ்சல் பற்றிய எத்தனையோ கணினி ஆய்வுகள் இதன்மீது நடந்தன. வேறு எந்த நிறுவனம் தன் அஞ்சலைத் தூக்கிக் கொடுக்கும்?

வீட்டுக் கூரையில் 14 ஒலிவாங்கிகள்

குழந்தை எப்படிப் பேச்சுக் கற்கிறது என்று பார்க்க, எம்.ஐ.டி.யின் டெப் ராய் தம் வீட்டுக் கூரையிலேயே 11 கேமராவும் 14 ஒலிவாங்கியும் பொருத்தினார். 2005இல் மகன் பிறந்தது முதல் மூன்று ஆண்டுப் பதிவு. 90,000 மணி நேரக் காட்சி, 1,40,000 மணி நேர ஒலி. 'காகா' என்ற மழலை ஆறு மாதத்தில் 'வாட்டர்' ஆனதை அடுத்தடுத்துக் கோத்து ஒரு நிமிடத்துக்குள் போட்டுக் காட்டினார்.

அதற்கு வெகுநாள் முன்பே ஒரு தமிழ்க் குழந்தை பதிவாகியிருக்கிறது. ஒன்பது மாதம் முதல் இரண்டே முக்கால் வயது வரை வீட்டில் பெரியவர்களோடு அது பேசியதன் பதிவு உலகக் குழந்தைமொழித் தரவகமான 'சைல்ட்ஸ்' தொகுப்பில் இருக்கிறது. அதைச் செய்தவர்களில் ஒருவர் ஆர். நரசிம்மன். சென்னையில் பிறந்தவர். இந்தியாவின் முதல் கணினிகளில் ஒன்றான 'டிஃப்ராக்'கை பம்பாய் டாட்டா ஆய்வு நிறுவனத்தில் உருவாக்கியவர். கணினி செய்தவர் மழலைக்கு வந்தது எனக்கு வியப்பாக இல்லை, வராத மற்றவர்கள்தான் வியப்பு.

சிந்து முத்திரைக்கு ஓர் ஐ.ஏ.எஸ். அதிகாரி

ஒவ்வொரு சொல்லும் எங்கெங்கே வருகிறது என்று காட்டும் பட்டியலுக்குத் தொடரடைவு என்று பெயர். படிக்கவே தெரியாத எழுத்துக்கு அதைப் போட முடியுமா? ஐராவதம் மகாதேவன் போட்டார். ஆட்சிப் பணியில் இருந்தவர், 1970இல் நேரு ஆய்வுநல்கை பெற்று, சிந்துவெளி முத்திரைகளின் ஒவ்வொரு குறிக்கும் எண் கொடுத்து, டாட்டா ஆய்வு நிறுவனத்தின் கணினியில் ஏற்றினார். 1977இல் இந்தியத் தொல்லியல் துறை அதை நூலாக வெளியிட்டது. 417 குறிகள், 2,906 பொறிப்புகள், 13,372 இடங்கள். அதில் குடம் போன்ற ஒரு குறி மட்டுமே பத்தில் ஒரு பங்கு. அது பெரும்பாலும் பொறிப்பின் கடைசியில் வந்து நிற்கிறது. சொல் தெரியாது, மொழி தெரியாது, ஆனால் அந்தக் குறி வாலில் நிற்கும் பழக்கமுள்ளது என்பது தெரிகிறது. எண்ணாமல் இது யாருக்கும் தெரிந்திருக்காது.

ஏறத்தாழ அதே காலத்தில் ஹெல்சிங்கியில் அஸ்கோ பர்ப்போலாவின் குழுவும் இன்னொரு தொடரடைவை உருவாக்கியது. அந்த முயற்சியில் பின்னர் சேர்ந்த கிம்மோ கோஸ்கெனியெமிதான், 1983இல் சொற்களைப் பகுதி விகுதியாகப் பிரிக்கும் 'ஈரடுக்கு உருபனியல்' முறையை ஃபின்னிஷ் மொழிக்காக வகுத்தவர். ஃபின்னிஷும் தமிழ்போல ஒட்டு மேல் ஒட்டாக வளரும் மொழி. உருபன் பகுப்பி செய்கிறவர்கள் பல மொழிகளில் அவர் வழியைப் பின்பற்றினார்கள்.

2009இல் ராஜேஷ் ராவ் முதலியோர், மகாதேவனும் சேர்ந்து, ஒரு குறிக்குப் பின் எது வரும் என்பதில் உள்ள நிச்சயமின்மையை அளந்து, அது இயல்பான மொழிகளின் அளவுக்கு அருகில் இருக்கிறது என்று 'சயன்ஸ்' இதழில் எழுதினார்கள். இது எழுத்தே அல்ல என்று 2004 முதல் வாதிட்டுவந்த ஃபார்மர், ஸ்புரோட், விட்ஸல் மூவரும் மசியவில்லை.

பழைய நூலைப் படிக்கும் இயந்திரம்

கோடிக்கணக்கான பக்கங்களை ஒளிவருடி உருவான கூகுள் புத்தகத் தரவகத்தில், 1800க்கு முந்தைய ஆங்கில நூல்களில் 'பெஸ்ட்' என்ற சொல் 'பெஃப்ட்' ஆகக் கொட்டிக் கிடந்தது. அக்காலத்தில் சொல்லின் நடுவே வரும் 'எஸ்' எழுத்து நீளமாக, 'எஃப்' போல அச்சாகும். இயந்திரம் கண்டபடியே படித்தது. நமக்கும் இந்தச் சோதனை உண்டு. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய புத்தகங்களில் ணை, லை, னை எல்லாம் தும்பிக்கை வைத்த வடிவில் இருக்கும். இரண்டு அச்சையும் கற்காத இயந்திரம் பாதி நூலகத்தில் தடுக்கி விழும்.

வழக்கிலிருந்து வந்த அகராதி

சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த பெருஞ்சாதனை. அதில் இல்லாதது நாம் இன்று செய்தித்தாளில் படிக்கும் உரைநடை. 1992இல் க்ரியா வெளியிட்ட தற்காலத் தமிழ் அகராதி அங்கிருந்துதான் தொடங்கியது. கதை, கட்டுரை, இதழ் என்று அச்சில் வந்த தற்காலத் தமிழைத் திரட்டி, ஒரு சொல் உண்மையில் எப்படிப் புழங்குகிறதோ அதன்படி பொருளும் எடுத்துக்காட்டும் கொடுத்தது. பதிப்பாளர் க்ரியா ராமகிருஷ்ணன் அதை மூன்று பதிப்புகளுக்கு வளர்த்தார். 2020 நவம்பரில், மூன்றாம் பதிப்பு வந்த கையோடு, கொரோனாவில் காலமானார். பண்டிதர்கள் 'இப்படிச் சொல்லலாமா' என்று கேட்டுக்கொண்டிருந்த காலத்தில் 'இப்படித்தான் சொல்கிறார்கள்' என்று காட்டிய நூல் என்பதால் எனக்கு அதன்மீது தனி மரியாதை.

வெளியூர்களில் நம் சொல்லடைவு

சங்க இலக்கியத்துக்குத் தாமஸ் லேமனும் தாமஸ் மால்ட்டனும் தொகுத்த சொல்லடைவு 1992இல் ஜெர்மனியில் வெளியானது. மின்னூலாகப் பழந்தமிழ் நூல்களை ஏற்றும் மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியது. அதை முன்னின்று நடத்திய கல்யாணசுந்தரம் இருந்தது சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத்தில். மைசூரின் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் 1990களில் தென்மொழிகள் நான்குக்கும் தரவகம் தொகுத்தது. மொழிக்குச் சுமார் 30 லட்சம் சொல் என்பது திட்டம். செக் நாட்டின் பிராகு நகரில் 600 தமிழ் வாக்கியங்களுக்கு, எந்தச் சொல் எதைத் தழுவி நிற்கிறது என்று கிளைப்படம் போட்டுவைத்திருக்கிறார்கள். 600 வாக்கியம் சின்னத் தொகைதான். ஆனாலும் அதை வைத்துக்கொண்டு உலகின் எத்தனையோ ஆய்வகங்கள் தமிழைச் சோதித்துப் பார்க்கின்றன.

குறளில் எத்தனை சொல்?

1,330 குறள், குறளுக்கு ஏழு சீர், ஆகவே 9,310 சொல் என்று பொது அறிவுப் புத்தகங்களில் பார்க்கலாம். 9,310 சீர் என்பது சரி. சீர் வேறு, சொல் வேறு. யாப்புக்காகச் சொல் உடைந்து இரண்டு சீரில் கிடக்கும், இரண்டு சொல் புணர்ந்து ஒரே சீரில் கிடக்கும். சந்தியைப் பிரித்து எண்ணினால் ஒரு கணக்கு, பிரிக்காமல் எண்ணினால் வேறு கணக்கு, உருபையும் தனியாக எண்ணினால் மூன்றாவது கணக்கு. தமிழில் சொல்லை எண்ணுகிறேன் என்று வருகிறவரிடம் முதலில் கேட்க வேண்டியது, எங்கே வெட்டினீர்கள் என்பதுதான்.

'தமிழ்' என்பது எத்தனை எழுத்து?

நமக்கு மூன்று. கணினிகளின் பொது எழுத்துக் குறிமுறையான யூனிகோட் கணக்கில் ஐந்து: த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. பரவலாகப் புழங்கும் சேமிப்பு முறையில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், ஆக 15. இதே பெயரை ஆங்கில எழுத்தில் எழுதினால் ஐந்தே பைட். பைட் கணக்கில் உரையை வெட்டித் தின்னும் மொழி மாதிரிகளில் நம் வாக்கியம் நீளமாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

போதாததற்கு, 'கோ' என்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஓகாரக் குறியை ஒரே துண்டாகவும் வைக்கலாம், இரட்டைக்கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு துண்டாகவும் வைக்கலாம். 'ஸ்ரீ'க்கும் இரண்டு வழி உண்டு. திரையில் வித்தியாசமே தெரியாது. ஆனால் கோப்பில் 'கோவில்' என்று தேடினால் பாதிக் கோவில்கள் அகப்படாமல் போகலாம். அதனால் தமிழ்த் தரவகம் தொகுப்பவர்கள் எண்ணத் தொடங்கும் முன் எல்லாக் 'கோ'வையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள். ஒரு வரி நிரலில் முடிகிற வேலை. செய்ய மறந்தவர்களின் பட்டியலில் ஒரே சொல் இரண்டு வரிசையில், இரண்டு எண்ணிக்கையோடு நிற்கும்.